வீடு மாற்றி இங்கிலாந்துக் கிராமத்தில் 12 நாள்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனில் ஹேரோ பக்கம் எங்களுக்கு மூன்று படுக்கையறை கொண்ட வரிசை வீடு ஒன்று இருக்கிறது. யார்க்‌ஷயரின் வடக்கு ஓரத்தில், ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில், ரீத் என்ற ஊருக்குக் கொஞ்சம் மேலே ஓய்வுபெற்ற தம்பதி ஒருவருக்குக் கல் வீடு இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் 12 நாள் அவர்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள், நாங்கள் அவர்கள் வீட்டில் இருந்தோம். வாடகை என்று யாரும் யாருக்கும் ஒரு பென்னி கூடக் கொடுக்கவில்லை. நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், 71 வயது அத்தை என ஐந்து பேர் போனோம்.

திரும்பி வந்ததிலிருந்து நண்பர்கள் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களை எப்படி வீட்டுக்குள் விட்டீர்கள்? பூஜை அலமாரியை என்ன செய்தீர்கள்? இரண்டுக்கும் பதில் கீழே இருக்கிறது. அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை மலிவான ஓட்டல் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இன்னொருவர் வீட்டை நம் வீடு போலப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இது. அந்தப் பொறுப்பை மனதார ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு, சுற்றுலாப் பயணியாகப் போனால் கிடைக்காத ஒரு கிராமம் கிடைக்கும்.

எந்த வகைப் பரிமாற்றம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இது புதிதாக வந்த பழக்கம் இல்லை. நீண்ட கோடை விடுமுறையும் குறைந்த சம்பளமும் கொண்ட ஐரோப்பிய ஆசிரியர்கள் தங்களுக்குள் வீடு மாற்றிக்கொள்ளத் தொடங்கி, 1953இல் இன்டர்வாக் என்ற அமைப்பு உருவானது. இன்று பெரிய தளமாக இருக்கும் ஹோம்எக்ஸ்சேஞ்ச் 1992இல் தொடங்கியது. பெரும்பாலும் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகச் சேரவேண்டும்.

வகைகள் மூன்று. ஒரே தேதியில் இருவரும் வீடு மாற்றிக்கொள்வது ஒன்று. வேறு வேறு தேதிகளில் மாற்றிக்கொள்வது இரண்டாவது. இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கோ, உறவினர் வீட்டில் போய்த் தங்க முடிந்தவர்களுக்கோ இது வசதி. மூன்றாவது புள்ளிக் கணக்கு: உங்கள் வீட்டில் யாராவது தங்கினால் உங்களுக்குப் புள்ளி சேரும், அதைக் கொடுத்து வேறொருவர் வீட்டில் நீங்கள் தங்கலாம். முதல் தடவை போகிற குடும்பத்துக்கு ஒரே தேதிப் பரிமாற்றத்தைத்தான் நான் சொல்வேன். நம் வீடு அவர்கள் கையில் இருக்கும்போது அவர்கள் வீடு நம் கையில் இருக்கிறது. இரு தரப்பும் ஒரே அளவு கவனமாக இருக்க அதுவே போதும்.

அனுமதியும் காப்பீடும்

சொந்த வீடானாலும், நீண்ட காலக் குத்தகையில் வாங்கிய லீஸ்ஹோல்டு பிளாட் என்றால் லீஸ் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். வெளியாட்கள் தங்குவதற்குக் கட்டுப்பாடு இருக்கலாம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் இதில் இறங்கவே வேண்டாம்.

அப்புறம் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். அதில் மூன்று கேள்விகள்: பணம் வாங்காமல் விருந்தினர் தங்கினால் வீட்டுக் காப்பீடு தொடருமா? கதவை உடைக்காமல் நடந்த திருட்டுக்கு ஈடு உண்டா? விருந்தினர் தவறுதலாக எதையாவது உடைத்தால் என்ன? பதில் எழுத்தில் வரவேண்டும். எங்களுக்குத் தொலைபேசியில் பேசியவர் ஒன்று சொன்னார், மின்னஞ்சலில் வேறு பதில் வந்தது. எழுத்தில் கேட்டிருக்காவிட்டால் தவறான நம்பிக்கையோடு கிளம்பியிருப்போம்.

இந்தியாவிலிருந்து வரும் குடும்பமானால் கூடுதலாக இரண்டு விஷயங்கள். பிரிட்டனுக்கு 6 மாதம் வரை தங்க உதவும் சாதாரண விசிட்டர் விசா வேண்டும். தங்குமிடத்துக்குச் சான்றாக அந்த வீட்டாரின் கடிதத்தை விண்ணப்பத்தோடு வையுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வெளிநாட்டினர் என்பதால், அவர்கள் வந்து 24 மணி நேரத்துக்குள், ஃபார்ம் சி என்று பரவலாக அழைக்கப்படும் வெளிநாட்டு விருந்தினர் விவரப் படிவத்தை இணையத்தில் பதிவு செய்யவேண்டும். இது ஓட்டலுக்கு மட்டும் இல்லை, தனி வீட்டுக்கும் பொருந்தும். உங்கள் ஊரில் இருக்கும் தம்பியோ பக்கத்து வீட்டாரோ செய்யும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே, எப்போது

கிராமப்புறம் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது காட்ஸ்வோல்ட்ஸும் லேக் டிஸ்ட்ரிக்டும். இரண்டுமே அழகு. ஆனால் ஆகஸ்டில் கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். யார்க்‌ஷயர் டேல்ஸ் பெரியது, கூட்டம் பரவிவிடுகிறது. அதிலும் மால்ஹாம், கிராசிங்டன் போன்ற தெற்குப் பக்கத்து ஊர்களை விட வடக்கே இருக்கும் ஸ்வேல்டேல் அமைதியானது. பச்சைச் சரிவு முழுக்கச் சுண்ணாம்பு பூசாத கல் மதில்கள், வயலுக்கு ஒன்றாக நிற்கும் கல் கொட்டகைகள், கறுப்பு முகமும் வெள்ளை மூக்கும் கொண்ட ஸ்வேல்டேல் ஆடுகள். இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறெங்கும் மனம் போகவில்லை.

காலம் பார்க்கும்போது பள்ளி நாட்காட்டிதான் முதல் தடை. மேல் பள்ளத்தாக்கில் ஆட்டுக்குட்டிகளைப் பார்க்க ஏப்ரல் கடைசியும் மே மாதமும் நல்லது. மியூக்கர் ஊரின் வைக்கோல் புல்வெளிகள் பூத்துக் குலுங்குவது ஜூனில். ஜூலை நடுவிலிருந்து புல்லை அறுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகஸ்டில் பூ வெளி இருக்காது. அதற்குப் பதில் மேட்டு நிலமெங்கும் ஹீதர் என்ற குறுஞ்செடி பூத்து ஊதாவாக இருக்கும். ஆகஸ்ட் 12ஐ ஒட்டிய இரவுகளில் பெர்சியிட் எரிகற்கள் விழும். யார்க்‌ஷயர் டேல்ஸ் 2020 டிசம்பரில் சர்வதேச இருள்வானப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். தெருவிளக்கே இல்லாத அந்த இருட்டில் பிள்ளைகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு தோட்டத்தில் படுத்து எண்ணினார்கள். எங்கள் தேதியை நாங்கள் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

ஆகஸ்டுக்குப் போக முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே தேடத் தொடங்குங்கள்.

உங்கள் வீட்டுக்கு வர யாருக்குக் காரணம் இருக்கிறது?

முதலில் நாங்கள் செய்த தவறு, அழகான வீடுகளாகப் பார்த்து வரிசையாகக் கேட்டதுதான். 17 பேருக்கு எழுதினோம், மூன்று பேர் மட்டும் நாகரிகமாக மறுத்துப் பதில் போட்டார்கள். பிறகுதான் புரிந்தது, வீட்டைத் தேடக்கூடாது, நம் ஊருக்கு வர வேண்டிய தேவை இருப்பவரைத் தேடவேண்டும். கிராமத்தில் வாழும் வயதானவர்களில் நிறையப் பேருக்கு மகனோ மகளோ லண்டனிலும் அதைச் சுற்றியும் இருப்பார்கள். பிள்ளைகளின் சின்ன பிளாட்டில் எல்லோரும் தங்க முடியாது. எங்களுக்குக் கிடைத்த தம்பதியின் மகள் வாட்ஃபோர்டில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. ஹேரோ அவர்களுக்கு வரம் போல அமைந்தது.

ஆகவே உங்கள் பக்கத்தை எழுதும்போது பக்கத்து மருத்துவமனை, பல்கலைக்கழகம், ரயில் நிலையம், பூங்கா எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். ஹேரோ-ஆன்-த-ஹில்லில் ஏறினால் பேக்கர் ஸ்ட்ரீட்டுக்குச் சுமார் 20 நிமிடம் என்று நாங்கள் எழுதியதைத்தான் அவர்கள் முதலில் கவனித்தார்களாம். படங்களைப் பகல் வெளிச்சத்தில், வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே எடுங்கள். மாடிப்படி செங்குத்தாக இருந்தால் அதையும் ஒரு படம் போடுங்கள். வந்து பார்த்து முகம் சுளிப்பதை விட வராமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

முதல் கடிதத்தில் நீங்கள் யார், ஏன் அந்த ஊர், அவர்கள் பக்கத்தில் எதைப் படித்துவிட்டு எழுதுகிறீர்கள் என்பது தெரியவேண்டும். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பினால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வெளிப்படையாகப் பேச வேண்டியவை

குறைந்தது இரண்டு காணொளி அழைப்புகள். முதலாவது முகம் பார்க்க. இரண்டாவதில் ஆளுக்கொரு முறை கைபேசியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து காட்டுங்கள். எங்கள் அத்தைக்கு முழங்கால் வலி. கீழ்த்தளத்தில் கழிப்பறை உண்டா, குளியல் தொட்டியில் ஏற வேண்டுமா, படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று அவரே கேட்டார், அந்தம்மா ஒவ்வொன்றாகக் காட்டினார். அடுப்பு என்ன வகை என்று கேட்டது பெரிய புத்திசாலித்தனம். அது இண்டக்‌ஷன் அடுப்பு. நம் அலுமினிய குக்கர் அதில் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் குக்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனோம்.

சரி, பூஜை அலமாரிக்கு வருகிறேன். நம்மவர்கள் தயங்குவதற்குக் காரணம் திருட்டுப் பயம் கொஞ்சம்தான். சாமி இருக்கும் வீட்டில், சைவம் சமைக்கும் பாத்திரத்தில் அவர்கள் என்ன சமைப்பார்களோ என்ற சங்கடம்தான் அதிகம். அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் தவிப்பதில் பயன் இல்லை. நாங்கள் இரண்டாவது அழைப்பிலேயே சொன்னோம்: பூஜை அலமாரியை மூடிவைத்திருப்போம், அதைத் திறக்கவேண்டாம், அத்தையின் பாத்திரங்கள் இந்த அலமாரியில் இருக்கும், அவற்றை எடுக்கவேண்டாம், மற்றவை எல்லாம் உங்கள் விருப்பம், எங்கள் பிள்ளைகளும் கோழிக்கறி சாப்பிடுகிறவர்கள்தான். மாட்டிறைச்சி மட்டும் வீட்டில் சமைக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டோம். தாராளமாக என்றார்கள். பிறகு அவர்களும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள்: மறைந்த தந்தையின் நாற்காலியில் யாரும் உட்காரவேண்டாம், கம்பளத்தில் காலணியோடு நடக்கவேண்டாம், மாலையில் கோழிகளைக் கூட்டில் அடைத்துவிடவேண்டும். இரு வீட்டிலும் தொடக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் மனது லேசாகிவிட்டது.

உங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாதது எதுவோ அதைச் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால் வேறு வீடு தேடுங்கள். அரைமனதோடு ஒத்துக்கொள்வது இருவருக்கும் கெடுதல்.

பேசி முடித்ததை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், கார், செல்லப்பிராணி, செடிக்குத் தண்ணீர், படுக்கை விரிப்பை யார் துவைப்பது, யாருக்காவது உடம்பு முடியாமல் போய் ரத்தானால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கட்டும். பல தளங்கள் இதற்கு மாதிரிப் படிவம் தருகின்றன. நகை, கடவுச்சீட்டு, வீட்டுப் பத்திரம் மூன்றையும் வங்கியிலோ உறவினரிடமோ வையுங்கள். விருந்தினருக்கும் அது நிம்மதி.

வீட்டுக் கையேடு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கையால் எழுதினாலும் போதும். நாங்கள் மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து எழுதினோம். ஒரு முறை நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, கையேட்டை மட்டும் கொடுத்து, டீ போடவும் வாஷிங் மெஷின் ஓட்டவும் வெந்நீர் வரவைக்கவும் சொன்னோம். அவர் எங்கெல்லாம் தடுமாறினாரோ அங்கெல்லாம் திருத்தினோம்.

முதல் பக்கத்தில் வீட்டு முகவரி, அஞ்சல் குறியீட்டோடு. பதற்றத்தில் 999ஐ அழைக்கும்போது தான் இருக்கும் முகவரி விருந்தினருக்கு நினைவு வராது. அதே பக்கத்தில் அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 111, பக்கத்து வீட்டாரின் எண், தண்ணீரை மொத்தமாக அடைக்கும் குழாய் எங்கே, மின் பெட்டி எங்கே, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தால் என்ன செய்வது. அடுத்த பக்கங்களில் எந்தக் குப்பைத் தொட்டி எந்த வாரம், எந்த இரவில் வெளியே வைப்பது. ஒவ்வொரு கவுன்சிலுக்கும் நிறமும் முறையும் வேறு என்பதால் இதை விளக்கமாக எழுதுங்கள்.

எங்கள் மசாலா டப்பாக்கள் எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் பெயரும், எவ்வளவு காரம் என்பதும், ஒரு வரியில் எதற்குப் போடுவது என்பதும் எழுதி ஒட்டினாள் மகள். குளிர்பதனப் பெட்டியில் ஒரு தட்டைக் காலி செய்து, பால், ரொட்டி, வெண்ணெய், பழம் வைத்துவிட்டு வந்தோம். வந்து இறங்கும் முதல் இரவு யாரும் கடை தேடி அலையக்கூடாது.

காரும் பயணமும்

ஹேரோவிலிருந்து ரீத் சுமார் 250 மைல். நிறுத்தி நிறுத்திப் போக ஆறு மணி நேரம் ஆனது. ரயிலில் என்றால் கிங்ஸ் கிராஸிலிருந்து டார்லிங்டன், அங்கிருந்து ரிச்மண்ட் வழியாகப் பேருந்து.

அந்தத் தம்பதி தங்கள் பழைய டீசல் காரிலேயே லண்டன் வருவதாக இருந்தார்கள். நல்லவேளை முன்பே கேட்டார்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் அதிகப் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் மண்டலம் லண்டனின் எல்லா பரோக்களுக்கும், அதாவது மாநகரப் பிரிவுகளுக்கும், விரிந்துவிட்டது. யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் குறைந்த டீசல் காரை ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. டார்லிங்டனிலிருந்து ரயிலில் வந்தார்கள். அவர்களிடம் மூத்த குடிமக்களுக்கான பேருந்து அட்டை இருந்ததால் லண்டன் பேருந்துகளில் இலவசமாகவே சுற்றினார்கள். எங்கள் அத்தையிடம் இருக்கும், லண்டன் முதியோருக்கான ஃப்ரீடம் பாஸும் அதுபோல இங்கிலாந்து முழுக்க உள்ளூர்ப் பேருந்துகளில் செல்லும், வார நாட்களில் காலை 9.30க்குப் பிறகு. ஸ்வேல்டேலில் ஒரு சமூக அமைப்பு ஓட்டும் லிட்டில் வைட் பஸ்ஸில் அத்தை இரண்டு முறை தனியாகவே ரிச்மண்ட் சந்தைக்குப் போய்வந்தார்.

அவர்கள் காரை நீங்கள் ஓட்டுவதானால் உங்கள் பெயரை அந்தக் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது சில நாட்களுக்கான தற்காலிகக் காப்பீடு எடுங்கள். இந்திய உரிமத்தோடு வருகிறவர்கள் 12 மாதம் வரை ஓட்டலாம்.

கிராமச் சாலையில் வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை வரும். தேசிய வேக வரம்பு, அதாவது 60 மைல், என்று பொருள். அது உச்ச வரம்பு மட்டுமே. இருபுறமும் கல் மதில் நெருக்கும் ஒற்றைச் சாலையில் 20 மைல் கூட அதிகம். எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் ஒதுங்குமிடம் வரை ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்திருக்கவேண்டும். கிளம்புவதற்கு முன் ஒரு காலி மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

சாமானில் நான் எடுத்துப் போனது: பருப்பு, புளி, சாம்பார் பொடி, கறிவேப்பிலை, குளிர்ப்பெட்டியில் இட்லி மாவு. அங்கே இவை கிடைக்காது. கைபேசியில் வைஃபை அழைப்பை முன்பே இயக்கிவிடுங்கள். பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் இல்லை.

கிராமத்து வீட்டைக் கையாள்வது

நகரத்து வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் போகும், எங்கே போகிறது என்று நாம் நினைப்பதே இல்லை. அங்கே அப்படி இல்லை. கழிவுநீர் தோட்டத்தில் புதைத்த செப்டிக் டேங்குக்குப் போகிறது. அதில் வேலை செய்வது பாக்டீரியா. ஈரத் துடைப்புத் தாள், பொரித்த எண்ணெய், அளவுக்கு மீறிய பிளீச் மூன்றும் அதற்கு எதிரி. அப்பளம் பொரித்த எண்ணெயை ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி ஓரமாக வைத்தோம், திரும்பும்போது எடுத்துவந்தோம்.

பல கிராமங்களுக்கு எரிவாயுக் குழாய் இல்லை. வெளியே ஒரு தொட்டியில் நிரப்பிய எண்ணெயில்தான் பாய்லர் ஓடும். எண்ணெய் முழுக்கத் தீர்ந்தால் குழாயில் காற்றுப் புகுந்து பழுதுபார்ப்பவர் வர வேண்டியிருக்கும். அளவுமானி எங்கே என்று முதல் நாளே பாருங்கள். விறகு அடுப்பு இருந்தால் காய்ந்த விறகை மட்டும் போடுங்கள். சாம்பலை உலோக வாளியில் எடுத்து வெளியே வையுங்கள், அணைந்ததுபோல் தெரிந்தாலும் மறுநாள் வரை உள்ளே கங்கு இருக்கும். ஆகஸ்ட் மாதம்தானே என்று நினைக்கவேண்டாம், இரண்டு மாலை நாங்கள் அடுப்பு மூட்டினோம்.

தாளிக்கும்போது கவனம். காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்த நொடியில் புகை அலாரம் அலறியது, கோழிகள் கூடக் கத்தின. அதற்கப்புறம் சமையலறைக் கதவை மூடி, சன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியை ஓடவிட்ட பிறகுதான் வாணலியை வைத்தேன். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றும் எண்ணம் மட்டும் வரவே கூடாது.

மஞ்சள் இன்னொன்று. அவர்களுடைய வெள்ளை மேசை விரிப்பில் சாம்பார் கொட்டிவிட்டது. உடனே அந்தம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். துவைத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்ததும் கறை மங்கிப் போயே போய்விட்டது; மஞ்சளின் நிறம் சூரிய ஒளியில் வெளுத்துவிடும். மர மேசையில் கொட்டியிருந்தால் இவ்வளவு சுலபமாகத் தீர்ந்திருக்காது. அடுத்த நாளே அடியில் போட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கினேன்.

கோழிகள் ஐந்து. பையன் காலையில் திறந்துவிட்டு முட்டை எடுப்பான், இருட்டும் நேரத்தில் அவையே கூட்டுக்குப் போனதும் எண்ணிப் பார்த்துத் தாழ் போடுவான். ஒரு நாள் மறந்தாலும் நரி வந்துவிடும். முதல் நாள் மிஞ்சிய சோற்றை அத்தை கோழிக்குப் போடப் போனார். நம் ஊர்ப் பழக்கம். ஆனால் பிரிட்டனில் வீட்டுச் சமையலறை வழியாக வந்த உணவைக் கோழிக்குப் போடுவது சட்டப்படி தடை. முழுக்க வீகன் வீடாக இருந்தால் மட்டுமே விலக்கு. கால்நடை நோய் பரவாமலிருக்க வந்த சட்டம் அது. கையேட்டில் அவர்கள் சிவப்பு மையில் எழுதியிருந்ததால் தப்பினோம். விலங்குகள் இருக்கும் வீடென்றால் இந்தப் பக்கத்தைப் பயணத்துக்கு முன்பே அனுப்பச் சொல்லிப் படித்துவிடுங்கள்.

நடக்கப் போவது

இங்கிலாந்து கிராமப்புறத்தின் பெரிய செல்வம் அதன் நடைபாதைகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 1,40,000 மைல் நீளத்துக்குப் பொது வழியுரிமைப் பாதைகள் இருக்கின்றன. தனியார் வயலின் நடுவே போனாலும் அதில் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 1932இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி நடந்து சிலர் சிறைக்குப் போன போராட்டம் அதற்கு முன்னோடி. என் மகளுக்கு இதைச் சொன்னபோது அதுவரை அலுத்துக்கொண்டு வந்தவள் முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் OL30 என்ற தாள் இந்தப் பகுதிக்கு உரியது. 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பச்சைக் கோடுகள் பாதைகள். காகிதத்தில் வாங்குங்கள், கைபேசி மழையில் உதவாது.

பிள்ளைகளோடு போக மியூக்கரிலிருந்து ஸ்வேல் ஆற்றை ஒட்டி கெல்டு வரை சுமார் மூன்று மைல் பாதை அருமை. வழியில் கிஸ்டன் அருவி. மியூக்கர் புல்வெளிக்குள் கல் பாவிய ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும்; அந்தப் புல் விவசாயியின் பயிர், குளிர்காலம் முழுக்க மாட்டுக்கு அதுதான் தீவனம். வாயிற்கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுப் போங்கள். கல் மதில் மேல் ஏறவேண்டாம். சிமெண்ட் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர் அது, சரிந்தால் திரும்ப அடுக்க ஒருவருக்கு ஒரு நாள் போகும். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிக்கொண்டு தள்ளிப் போங்கள். நம் ஊர்ப் பசு என்று நினைத்துத் தடவப் போகக்கூடாது. வீடு திரும்பியதும் பிள்ளைகளின் கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். உண்ணி எடுக்கும் கொக்கி மருந்துக் கடையில் கிடைக்கும்.

நடக்க முடியாத அத்தைக்காக ஒரு செவ்வாய்க்கிழமை பட்டர்டப்ஸ் (வெண்ணெய்த் தொட்டிகள்) கணவாய் வழியாகக் காரில் ஹாஸ் என்ற ஊரின் சந்தைக்குப் போனோம். சாலையோரம் ஆழமான சுண்ணாம்புக்கல் குழிகள் இருக்கின்றன. சந்தைக்கு நடந்து போன விவசாயிகள் வெண்ணெய் உருகாமலிருக்க அதற்குள் இறக்கி வைப்பார்களாம், பெயர் அப்படித்தான் வந்தது என்கிறார்கள். மலை ஏறாமலே அத்தை அந்த மேட்டு நிலத்தை முழுக்கப் பார்த்துவிட்டார்.

சில்லறைக் காசு எப்போதும் பையில் இருக்கட்டும். வீட்டு வாசலில் ஒரு பெட்டியில் முட்டையோ ஜாமோ வைத்து, பக்கத்தில் காசு போட டப்பா வைத்திருப்பார்கள். ஆள் இருக்கமாட்டார். பெரிய கடைகள் ஞாயிறன்று 6 மணி நேரம்தான் திறக்கும். பல பப்களில் மதியச் சாப்பாடு 2 மணியோடு முடிந்துவிடும். எதிரே வருகிறவர் யாரானாலும் வணக்கம் சொல்லுங்கள்; மூன்றாம் நாள் முதல் எங்களைக் கோழி வீட்டுக்காரர்கள் என்று ஊரே அடையாளம் கண்டுகொண்டது.

கிளம்பும் நாள்

முந்தைய நாள் மாலையே பாதி வேலையை முடியுங்கள். ஒத்துக்கொண்டபடி படுக்கை விரிப்பு, குப்பை, குளிர்பதனப் பெட்டி, அடுப்பு. கண்ணாடித் தம்ளர் ஒன்று உடைந்திருந்தது. அதே மாதிரி கிடைக்காததால் பணத்தை உறையில் வைத்துக் கடிதத்தில் சொன்னோம். சாவியைப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்தோம். நாங்கள் கொண்டுபோன முறுக்கில் ஒரு டப்பாவை அவருக்கென்றே வைத்திருந்தோம்.

மாலை ஆறு மணிக்கு ஹேரோ வந்தோம். வீடு நாங்கள் விட்டதை விடச் சுத்தமாக இருந்தது. அத்தை நேராகப் பூஜை அலமாரிக்குப் போனார். மூடியது மூடியபடி இருந்தது, வெளியே தரையில் ஒரு சின்ன ஜாடியில் தோட்டத்து ரோஜா இரண்டு. மேசைமேல் கையேடு. கடைசிப் பக்கத்தில் அந்தம்மா பென்சிலால் எழுதியிருந்தார்: விடிகாலை ஐந்து மணிக்குப் பின்மதில் மேல் ஒரு நரி இரண்டு குட்டிகளோடு போகிறது, பின்பக்கப் படுக்கையறைச் சன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் நாங்கள் 11 வருடமாக இருக்கிறோம். மறுநாள் பையன் அலாரம் வைத்து எழுந்தான்.